செவுளைத் திறந்து காட்டியவர்

கலியாணம் முடித்துச் சல்லி என்ற கரையோர ஊருக்கு வந்த மறுநாள் விடியற்காலை, கடற்கரையில் யாரையோ வெட்டுகிறார்கள் என்று நினைத்துப் பாயிலிருந்து துள்ளி எழுந்தேன். அப்படி ஒரு சத்தம். என் கணவர் புரண்டு படுத்துக்கொண்டு, "அது மீன் கூறுறார், நீர் படும்" என்றார். நான் கந்தளாயில் பிறந்தவள். எங்கள் ஊரில் குளத்து மீன் சைக்கிளில் வரும். வாசலில் நின்று ஹோன் அடிப்பார்கள், வாங்கினால் வாங்கு, விட்டால் விடு. ஒரு மனிதர் மீன் விற்க இவ்வளவு கத்தவேண்டுமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடு போய்ப் பார்த்தபோதுதான் அவரை முதன்முதல் கண்டேன்.

பார்த்ததும் ஏமாந்துபோனேன். அந்தச் சத்தத்துக்கு ஒரு பனை உயரத்தில் ஆள் நிற்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். நின்றது என் தோள் உயரம்கூட இல்லாத ஒல்லி மனிதர். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் ஒரு ஈரத் துவாய். படகு எஞ்சின்கள் இரைகின்றன, காகங்கள் கத்துகின்றன, பெண்கள் சண்டை பிடிக்கிறார்கள், கடல் தன் பாட்டுக்கு அடிக்கிறது. அவ்வளவையும் தாண்டி அவர் குரல் ஒன்றுதான் கேட்டது. கரைக்கு வரும் மீனை ஏலம் கூறி விற்றுக்கொடுப்பது அவர் தொழில். "ஒருதரம், ரெண்டுதரம்" என்று அவர் இழுக்கும்போது அடுத்த குறிச்சியில் சோறு வடிக்கிறவளுக்கும் கேட்கும்.

ஆனால் நான் அவரைப் பற்றி எழுத நினைத்தது குரலுக்காக இல்லை. குரல் உள்ளவர்கள் எங்கள் கரையில் நிறையப் பேர். அவரிடம் வேறு ஒரு பழக்கம் இருந்தது.

மீனை மணலில் போட்டதும் அவர் உடனே விலை கேட்கமாட்டார். குனிந்து பெரிய மீனாக ஒன்றைத் தூக்குவார். இரண்டு விரலைக் கொக்கி போல வளைத்துச் செவுளுக்குள் விட்டு, அகலத் திறந்து, சுற்றி நிற்கிற எல்லோருக்கும் ஒரு வட்டம் காட்டுவார். செவுள் சிவந்திருந்தால் "இண்டையான்!" என்பார். மங்கியிருந்தால் அதே சத்தத்தில், ஒரு மாத்து குறையாமல், "நேத்தையான்!" என்பார். பிறகுதான் விலை. மற்றக் கரைகளில் செவுளைப் பார்ப்பது வாங்குகிறவன் பாடு. கூறுகிறவர் தானே திறந்து காட்டியது நான் அறிய இங்கே மட்டும்தான். படகுக்காரர்களுக்கு இது பிடிக்காது என்று சொல்லவும் வேண்டுமா? "நீ எங்கட ஆளோ, வாங்க வாறவன்ர ஆளோ?" என்று கேட்பார்கள். அவர் அசையமாட்டார். "காட்டிப்போட்டுத் தந்தால் பிறகு ஒருத்தனும் திரும்பி வந்து நியாயம் கதைக்க ஏலாது" என்பார். அதுவும் உண்மைதான். அவர் மூன்றுதரம் கூறி முடித்த மீனை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததை நான் காணவில்லை.

ஒருமுறை அவருடைய சொந்த மச்சானின் படகு எஞ்சின் பழுதாகி, கடலில் ஒரு இரவு கிடந்து, மறுநாள்தான் கரைக்கு வந்தது. பெட்டி நிறைய அறக்குளா மீன். மச்சான் கண்ணைக் காட்டுகிறார். மச்சானின் மனைவி கையைப் பிசைகிறார். இவருடைய மனைவியே கூட்டத்துக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டுகிறார். அவர் எல்லோரையும் ஒருதரம் பார்த்தார். பிறகு இரண்டு விரலையும் வளைத்து, திறந்து, வட்டமாகக் காட்டி, "நேத்தையான்!" என்றார். மச்சான் வெகுகாலம் அவரோடு கதைக்கவில்லை. "அண்டு வீட்டில எனக்கு மீனும் இல்லை, கதையும் இல்லை. வெறுஞ்சொதி" என்று அவரே கரையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். தன் வீட்டுச் சங்கதியையும் திறந்துதான் வைப்பார்.

இந்தக் குணத்துக்குப் பயந்து அவரைக் கலியாண வீடுகளில் முன்பந்தியில் இருத்தமாட்டார்கள். கறியில் உப்புக் கூடினால் பந்தி முழுக்கக் கேட்கும். என் மூத்த மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் கழிந்து பார்க்க வந்தவர், குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, "பிள்ளை வடிவு. மூக்குத்தான் தேப்பன்ர மூக்கு, பாவம்" என்றார். என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். மூக்கு விஷயத்தில் அவர் சொன்னது சரி என்பதால் நான் எதுவும் கதைக்கவில்லை.

என்னை அவர் "குளத்துப் பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். நான் டவுண் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் வாட்டில் நேர்ஸ் என்பது ஊருக்கே தெரியும். எல்லோருக்கும் நான் மிஸ். அவருக்கு மட்டும் கடைசிவரை குளத்துப் பிள்ளை.

சிகரெட் விஷயத்திலும் அவர் மூடிமறைக்கவில்லை. "மீசை முளைக்க முதல் தொடங்கினனான். போன வருசம்தான் விட்டனான். விட்டது ஒழுக்கத்தில இல்லை, இருமலில" என்பார். அந்த இருமலை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி அவரிடம் சொல்ல முதல் குரல் போய்விட்டது.

ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் "மூண்டுதரம்" என்கிற இடத்தில் கீறல் விழுந்தது. பிறகு இரண்டாந்தரத்திலேயே விழுந்தது. பிறகு தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. எங்கள் கரையில் ஒருவருமே அதைக் கண்டு திடுக்கிடவில்லை. இதுதான் எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை. வேறு யாருக்காவது குரல் அடைத்தால் என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். மீன் கூறுகிறவருக்கு அடைத்தால், "கத்திக் கத்தித் தேஞ்சு போச்சு" என்று விட்டுவிட்டார்கள். அதில் ஊருக்கு ஒரு பெருமை வேறு. "இந்தக் கரைக்காக உழைச்ச தொண்டை" என்றார்கள். ஆடாதோடை அவித்தார்கள், மிளகைத் தேனில் குழைத்தார்கள், கற்கண்டு பொட்டலம் பொட்டலமாக வந்தது. அவரும் அதையெல்லாம் குடித்துக்கொண்டு மகனைப் பக்கத்தில் நிறுத்தி, தான் முணுமுணுக்க அவன் உரத்துச் சொல்ல, ஏலத்தை நடத்தினார்.

நான் அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்.

"அண்ணை, கத்திக் கெட்ட தொண்டை ரெண்டு கிழமை பேசாமல் இருந்தால் திரும்பிவரும். உங்களுக்கு வரேல்ல. ஒருக்கா வந்து நெஞ்சைப் படம் எடுங்கோ."

"தொண்டைக்கு நெஞ்சைப் படம் எடுக்கிறதோ? தலையிடிக்குக் காலில கட்டுப் போடுறமாதிரிக் கிடக்கு, குளத்துப் பிள்ளை."

"குரலை ஆட்டுற நரம்பு ஒண்டு இடப்பக்கத்தால நெஞ்சுக்குள்ள இறங்கி, ஒரு வளைவு வளைஞ்சு, பிறகுதான் தொண்டைக்கு ஏறுது. உள்ளுக்கு ஏதும் அதை நெரிச்சால் மேல குரல் போகும்."

அவர் சிரித்தார். கரைமேட்டில் ஏற மூச்சு வாங்கத் தொடங்கியபோதுதான் சிரிப்பு நின்றது. பிறகு தானாகவே வந்தார். எக்ஸ்ரேயில் இடது பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர்.

எங்கள் வாட்டில் சேர்த்தார்கள். விலாவில் ஒரு குழாய் விட்டு, கட்டிலுக்குக் கீழே போத்தலில் நீரை இறக்கினார்கள். நீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில், இரத்தம் கலந்து வந்தது. இந்த நிறம் எங்களுக்குப் பழக்கம். பார்த்தவுடன் கான்சரைத்தான் நினைப்போம். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அந்த நிறத்தைக் கண்டுவிட்டு வீட்டிலிருந்து ஒரு துவாயைக் கொண்டுவந்து போத்தலை மூடிக்கட்டினார். நாங்கள் அளவு பார்க்க அவிழ்ப்போம். அவர் திரும்ப மூடுவார்.

இந்த இடத்தில் எங்கள் நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கே கான்சர் என்றால் நோயாளிக்குச் சொல்லமாட்டோம், கொரிடோருக்குத்தான் சொல்லுவோம். மகன், மருமகன், தம்பி, ஏன், கொழும்பில் இருக்கிற ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் போனில் தெரியும். கட்டிலில் கிடக்கிறவர் மட்டும் "சளி கட்டியிருக்காம்" என்று நம்பிக்கொண்டு கஞ்சி குடிப்பார். அன்பில்தான் செய்கிறார்கள், தெரியும். அந்த அன்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போய்விட்டது. சாகப்போகிறவருக்கு ஒரு காணி எழுத இருக்கும், ஒரு பகையை முடிக்க இருக்கும், சும்மா ஒருநாள் கடலைப் பார்க்க இருக்கும். கொரிடோர் அதையெல்லாம் கேட்பதில்லை.

கொரிடோரில் மகன் டொக்டரிடம் கெஞ்சினான். "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ டொக்டர். அவர் தாங்கமாட்டார்." எங்கள் நெஞ்சு நோய் டொக்டர் இளம் பெண், வெளியூர், மாற்றலாகி வந்து அதிகநாள் ஆகவில்லை. "நானாகப் போய்ச் சொல்ல இல்லை. ஆனால் அவர் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டன்" என்றார். அது நேர்மையான பதில்தான். ஆனால் கட்டிலில் கிடக்கிறவர் எப்படிக் கேட்பார்? ரவுண்ட்ஸ் நேரத்துக்குச் சரியாக மகன் கட்டில் தலைமாட்டில் வந்து நிற்பான். டொக்டர் "எப்படி இருக்கிறீங்கள்?" என்று குனிந்தால், அவர் வாயைத் திறக்க முதல் இவன், "அப்பாவுக்குக் கதைக்க ஏலாது டொக்டர், நான் சொல்லுறன்" என்பான். இரவு நித்திரை, சாப்பாடு, வலி எல்லாம் மகன் வாயால் வந்தது. ஊரின் மீனுக்கெல்லாம் உள்ளதைச் சொன்ன மனிதருக்காக வேறு ஆள் கதைத்துக்கொண்டிருந்தான்.

அக்கா என்னை வாட்டுக் குசினி வாசல் பக்கம் இழுத்துக்கொண்டுபோய்க் கையைப் பிடித்தார். "உன்ர பிள்ளையளில சத்தியம். நீ வாய் திறக்கக்கூடாது." நான் சத்தியம் பண்ணவில்லை. "நேர்ஸ்மார் சொல்லுறதில்லை அக்கா, டொக்டர்தான் சொல்லுறவ. ஆனால் அவர் கேட்டால் டொக்டரிட்டக் கேக்கச் சொல்லுவன். அதை நீங்கள் தடுக்க ஏலாது" என்றேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மத்தியானம் மருந்து கொடுக்கப் போனேன். அவர் கட்டிலில் இருந்தபடி குனிந்து, துவாயின் முடிச்சை அவிழ்த்து, போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரல் என்று சொல்ல முடியாது, காற்றுத்தான் வந்தது.

"குளத்துப் பிள்ளை. மீனுக்கு இப்பிடி நிறம் இருந்தால் நான் என்ன கூறுவன்?"

"டொக்டரிட்டக் கேளுங்கோ அண்ணை. நீங்கள் கேட்டால் அவ சொல்லுவா."

"கேக்கிறதுக்குக் குரல் வேணுமே" என்றார். பிறகு துவாயை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் போத்தலை ஒருவரும் மூடவில்லை.

நீர் வற்றியதும் குழாயைக் கழற்றி, ஸ்கான் எடுத்து, உள்ளே பரிசோதனைக் குழாய் விட்டுச் சதை எடுத்து அனுப்பிவிட்டு, வீட்டுக்கு விட்டார்கள். முடிவு வந்ததும் மகன்தான் போய் வாங்கினான். மேற்சிகிச்சைக்கு நாள் குறித்து வந்தது. வீட்டில் "சும்மா ஒரு செக்கப்பாம்" என்றான். அந்த நாள் வருவதற்குள் இன்னொரு காரியம் நடந்தது.

அவர் முகம் பூரித்தது. ஒல்லிக் கன்னம் இரண்டும் நிறைந்து, கண் இரப்பை பளபளத்து, பத்து வயது குறைந்த ஆள் மாதிரி வாசலில் கதிரை போட்டு இருந்தார். ஊர் கொண்டாடியது. "ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிச்சிட்டுது!" "முகம் தெளிஞ்சிட்டுது!" "இனிப் பயமில்லை!" அக்காவுக்குக் கால் நிலத்தில் இல்லை. முத்துமாரி அம்மன் கோயிலுக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்து, மஞ்சள் நூல் ஒன்று கொண்டுவந்து அவர் கழுத்தில் கட்டினார்.

நான் அந்தக் கிழமை முழுக்க வேலை முடிந்து களைத்து வந்து படுத்ததால் அவரைக் காணவில்லை. கேள்விப்பட்டேன். முகம் பூரித்தது என்று கேட்டதும் செருப்பைக்கூடப் போடவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். மஞ்சள் நூல் கழுத்துச் சதைக்குள் புதைந்திருந்தது. கழுத்து நரம்புகள் கயிறு போலப் புடைத்திருந்தன. சேட்டுப் பொத்தானைக் கழற்றிப் பார்த்தால் நெஞ்சின் மேலும் நீல நரம்புகள் ஓடின.

"குனியேக்க தலை சுத்துதோ அண்ணை?"

தலையாட்டினார்.

"படுக்க ஏலுதோ?"

"இருந்துதான் நித்திரை" என்று வாயசைத்தார்.

நெஞ்சுக்குள் இருக்கிற கட்டி, தலையிலிருந்து இரத்தம் இறங்குகிற பெரிய நாளத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இறங்கவேண்டிய இரத்தம் முகத்தில் தேங்கி நின்றது. ஊர் அதைச் சுகம் என்று எண்ணித் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அக்காவைப் பார்த்துக் கத்தினேன். கத்திரிக்கோல் எடுத்து அம்மன் நூலை வெட்டினேன். அம்மன் கோபிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஓட்டோவில் அவரை நிமிர்த்தி இருத்திக்கொண்டு டவுணுக்குப் போனோம். வழி முழுக்க அக்கா, "நல்லாத்தானே இருந்தவர், நல்லாத்தானே இருந்தவர்" என்று அழுதுகொண்டு வந்தார். அவர் என் கையிலிருந்த வெட்டிய நூலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டொக்டர் பார்த்ததும் ஒக்சிசன் போட்டு, வீக்கத்துக்கு ஊசி போட்டு, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். கட்டி சுருங்க உடனே கதிர்ச்சிகிச்சை கொடுக்கவேண்டும். மகன் ஓடி வந்து வழக்கம்போலத் தலைமாட்டில் நின்றான். டொக்டர் குனிந்தார்.

"அப்பாவுக்குக் கதைக்க ஏலாது டொக்டர், நான்..."

அவர் கையை உயர்த்தினார். மகன் நின்றான். உயர்ந்த கையில் இரண்டு விரல் கொக்கி போல வளைந்தது. அப்படியே ஒன்றைத் திறக்கிற மாதிரி அகலப் பிரித்துக் காட்டினார். டொக்டருக்கு அது விளங்கவில்லை. அவர் காது அருகே வந்ததும் இவர் காற்றாகச் சொன்னார்:

"செவுளைத் திறவுங்கோ, டொக்டர்."

டொக்டர் என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். மகனும் பார்த்தான். நான் அன்று வரைக்கும் எத்தனையோ பேருக்காக டொக்டரிடம் கதைத்திருக்கிறேன், ஆனால் இப்படி நிமிர்ந்து நின்று கதைத்ததில்லை.

"எங்கட கரையில இவர்தான் மீன் கூறுறவர் டொக்டர். செவுளைத் திறந்து எல்லாருக்கும் காட்டிப்போட்டுத்தான் விலை கேப்பார். தன்னையும் அப்பிடித் திறந்து காட்டச் சொல்லுறார். ஒண்டும் மறைக்காமல்."

டொக்டர் ஒரு கதிரையை இழுத்து அவர் முகத்துக்கு நேரே போட்டு இருந்தார். ஸ்கான் படத்தை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இது நெஞ்சு. இது கட்டி. இது குரல் நரம்பு போகிற இடம், அதனால் குரல் போனது. இது பெரிய நாளம், அதனால் முகம் வீங்கியது. நீர் வந்ததும் இதனால்தான். இது கான்சர், ஐயா. ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் சொன்னார். அவரும் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். மீன் தரம் பிரிக்கிறபோது இருக்கிற அதே முகம்.

"மாத்திச் சுகமாக்க ஏலுமோ?"

"மாத்த ஏலாது. மட்டுப்படுத்தலாம். இந்த வீக்கம் கதிர் கொடுத்தால் வத்தும். பிறகு மருந்து ஏத்தலாம். கொஞ்சக்காலம் நல்லா இருக்கலாம்."

"குரல்?"

"அது வராது ஐயா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது அக்காவைத்தான் பார்த்தார். "இஞ்சேரும். நீர் என்ர கண்ணைப் பொத்தினது அன்பில எண்டு தெரியும். இனிப் பொத்தாதையும்." அக்கா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மகன் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு வந்து நின்றான். அதற்குப் பிறகு அவன் தகப்பனுக்காகக் கதைக்கவில்லை. அவர் சொல்வது கேட்காவிட்டால் குனிந்து கேட்டான்.

மட்டக்களப்பில் கதிர் கொடுத்து முகம் வற்றி, பழைய ஒல்லி முகத்தோடு திரும்பி வந்தார். ஊர் பார்த்துவிட்டு, "ஐயோ, வாடிப்போனாரே" என்றது! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இனி மருந்து ஏற்றுவதற்குத் திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். மூச்சு வாங்குகிற மனிதருக்கு அந்தப் பஸ்ஸும் ஏலாது, ஓட்டோவும் ஏலாது. யாரிடமாவது வாகனம் கேட்கலாம் என்றால், என்ன வருத்தம் என்று சொல்லவேண்டும். அதுதான் வீட்டில் பெரிய பிரச்சினை. இளைய மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். "கான்சர் வீடு எண்டு தெரிஞ்சால் ஒருத்தரும் படி ஏறமாட்டினம். கசம் எண்டு சொல்லுவம்" என்றார் அக்கா. கசம், அதாவது காசநோய், என்றால் கோப்பையைத்தான் ஒதுக்கி வைப்பார்கள், சம்பந்தத்தை இல்லை என்பது கணக்கு. நான் வாய் திறக்க முதல் அந்த இளையவளே, "அப்பாவைப் பொய் சொல்லித்தான் எனக்குக் கலியாணமெண்டால் எனக்கு அது வேண்டாம்" என்றாள். தகப்பனின் மகள்.

அவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தார். மறுநாள் காலை தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு கரைக்கு இறங்கினார். மேடு இறங்குவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு எடுத்தார். நான் வேலைக்குப் போக முதல் மீன் வாங்க நின்றேன்.

படகுகள் வந்திருந்தன. வாங்குகிறவர்கள் வழக்கம்போல வட்டமாக நின்றார்கள். கிண்ணியா முதலாளியும் நின்றார். ஐஸ் லொறி வைத்திருக்கிற பெரிய வியாபாரி, அவரோடு வருசக்கணக்காக ஏலத்தில் மல்லுக்கட்டுகிறவர். இவர் வட்டத்துக்குள் போனார். மகன் மீனைத் தூக்க, வேண்டாம் என்று கை காட்டினார். வெறும் மணலில் நடுவில் தான் போய் நின்றார். ஏதோ சொன்னார். ஒருவருக்கும் கேட்கவில்லை.

முதலில் முதலாளிதான் கையை உயர்த்தி, "சத்தம் போடாதீங்க!" என்றார். பெண்கள் நிறுத்தினார்கள். யாரோ ஒருவன் ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினான். வட்டம் இரண்டு அடி கிட்ட வந்தது. அவ்வளவு காலமும் எல்லோரையும் கத்தி வென்ற மனிதர் இப்போது வாயசைக்கிறார், கரை மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறது. காகங்கள் மட்டும் மரியாதை தெரியாமல் கத்தின.

"இண்டைக்கு முதல் கூறு நான்தான்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அவர் தன் சேட்டுப் பொத்தானைக் கழற்றி விலாவில் குழாய் போட்ட தழும்பைக் காட்டினார். இரண்டு விரலால் கழுத்தைத் தொட்டார்.

"பழுது மீன். நெஞ்சில கான்சர். ஊதினதில வந்தது, நான்தான் ஊதினனான். குரல் கத்திப் போகேல்ல, இதாலதான் போனது. ஆருக்கும் மூண்டு கிழமைக்கு மேல குரல் அடைச்சால் கற்கண்டு தின்னாமல் போய்ப் படம் எடுங்கோ. முகம் வீங்கினால் தேங்காய் உடையாதேங்கோ." நின்று மூச்சு எடுத்தார். "மருந்து ஏத்த மட்டக்களப்புக்குப் போகவேணும். என்ர காலால ஏலாது. காட்டிப்போட்டன். ஆர் எடுக்கிறியள்?"

அவர் விரலை உயர்த்தினார். "ஒருதரம்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ரெண்டுதரம்."

"நில்லுங்க" என்றார் கிண்ணியா முதலாளி. ஒரு அடி முன்னால் வந்தார். "மூண்டுதரம் சொல்ல வேணாம். நான் எடுக்கன். என்ர லொறி மட்டக்களப்புப் பக்கம் போறதுதானே. முன் சீட்டில வாங்க."

"பிறகு திருப்பிக் கொண்டுவர ஏலாது" என்றார் இவர்.

"தெரியும் தெரியும். உங்கட கரையில நான் எத்தினை வருசம்?"

கரையே சிரித்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது. நான் அன்று பஸ்ஸைத் தவறவிட்டேன். பரவாயில்லை. வாட்டில் எத்தனை பெரிய மனிதர்கள் உண்மைக்கு முகம் கொடுக்கப் பயந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததைக் கண்டிருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் எங்கள் கரையில் இப்படியும் ஒருவர் நின்றார் என்று எந்தச் சபையிலும் சொல்லுவேன். என்னைக் குளத்துப் பிள்ளை என்று கூப்பிட்டவர் அவர் என்றும் சேர்த்துச் சொல்லுவேன்.

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. மருந்து நாளுக்கு ஐஸ் லொறி வாசலில் வந்து ஹோன் அடிக்கும். இவர் துவாயைக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறுவார். போகிற வழியெல்லாம் முதலாளிதான் கதை. வெருகலில் நிறுத்தித் தேத்தண்ணி. இளையவளுக்குச் சம்பந்தம் வந்தது. வந்தவர்கள் முதலில் கேட்டதே, "அந்தக் கரையில தன்னைக் கூறினவர்ர மகளோ?" என்றுதான். கதைக்காமல் இருந்த மச்சானும் இருமலோடு ஒருநாள் தானாக எங்கள் கிளினிக்குக்கு வந்தார். படம் எடுத்தார்கள். கான்சர் இல்லை, கசம். மருந்து குடித்து மாறிவிட்டது. கோப்பையை யாரும் ஒதுக்கவும் இல்லை. மச்சான் நேரே போய் இவருடைய கட்டில் ஓரத்தில் பின்னேரம் முழுக்க இருந்தாராம்.

அடுத்த கரைவலைக் காலம் தொடங்கும்வரை அவர் இருந்தார். கடைசியில் வீட்டிலேயே, யன்னலைத் திறந்துவிடச் சொல்லி, கடல் கேட்க, எல்லாம் தெரிந்த மனிதராகப் போனார். வலிக்கு மருந்து கொடுத்தது நான். கடைசி நாட்களில் அக்கா அவரிடம் ஒன்றும் மறைக்கவில்லை. அழவேண்டுமென்றால் அவர் முன்னாலேயே அழுதார்.

செத்தவீட்டுக்குக் கிண்ணியா முதலாளி வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கால்மாட்டில் நின்று வெகுநேரம் முகத்தைப் பார்த்தார். அக்கா எழும்பி வந்து, அழுகைக்கிடையில், "உங்களுக்குத்தான் வீண் கஷ்டம் தந்திட்டம், முதலாளி. அவ்வளவு தூரம் ஏத்தி இறக்கியும் ஒண்டும் இல்லாமல் போச்சே" என்றார்.

முதலாளி தலையை ஆட்டினார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க தங்கச்சி. செவுளத் திறந்து காட்டித்தானே தந்தவர். எனக்கு ஒரு குறையும் இல்ல."